ஜோராசாங்கோ வீட்டில் தாகூர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. தாவரவியல்

ஆண்டு மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கையை எழுதித் தருமாறு தமிழ்ப் பேராசிரியர் அம்மா கேட்டபோது, வகுப்பில் ஆளுக்கொரு பெயரைச் சொன்னார்கள். நான் தாகூர் என்றேன். தாவரவியல் படிக்கிறவளுக்குத் தாகூர் எதற்கு என்று தோழியர் சிரித்தனர். சிரிக்கட்டும். சென்ற டிசம்பரில் துறைச் சுற்றுலாவாகக் கொல்கத்தா சென்று வந்ததிலிருந்து அவரை என்னால் மறக்க முடியவில்லை. உண்மையைச் சொன்னால், அவரைக் காட்டிலும் அவர் பிறந்து, வளர்ந்து, இறந்த வீட்டைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் கொத்தனார். சுண்ணாம்புக் காரையில் வேலை கற்றவர். கடுக்காயும் வெல்லமும் ஊறவைத்த நீரில் சாந்து அரைத்துச் சுவர் பூசினால் முகம் பார்க்கலாம் என்பார். இன்று அந்த வேலையைக் கேட்பாரில்லை. எங்கள் பக்கத்து ஊர்களில் தெருவுக்குத் தெரு பெரிய பழைய வீடுகள் உண்டு. பங்காளிகள் ஊர் ஊராக, நாடு நாடாகப் பிரிந்து போனபின் அவை பூட்டியே கிடக்கும். ஒருநாள் இடிக்கச் சொல்லி ஆள் வரும். பர்மாத் தேக்கு உத்திரமும் நிலையும் கதவும் ஒரு வண்டியில் போகும். தூண்கள் இன்னொரு வண்டியில் போகும். அதிகம் சேதமில்லாமல் பிரித்தெடுக்கத் தெரிந்தவர் என்பதால் அப்பாவுக்குத்தான் முதலில் சொல்லி அனுப்புவார்கள். கட்டத் தெரிந்தவருக்குத்தான் பிரிக்கவும் தெரியும். நான் கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, அப்படி ஒரு வீட்டைப் பிரித்த கூலியில்தான் என் விடுதிக் கட்டணத்தையும் புத்தகச் செலவையும் சமாளித்தோம். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அந்தப் படி எந்த வீட்டுப் படியைப் பெயர்த்துச் செய்தது என்பதும் எனக்குத் தெரியும்.

கொல்கத்தாவில் நாங்கள் முதலில் பார்த்தது ஹௌராவின் சிப்பூர் தாவரவியல் பூங்காவை. 1787-இல் நிறுவப்பட்ட அப்பூங்காவில் 250 ஆண்டுகளுக்கும் மேலான ஆலமரம் ஒன்று நிற்கிறது. மூவாயிரத்துக்கும் அதிகமான விழுதுகள். தொலைவிலிருந்து பார்த்தால் ஒரு மரமாகத் தெரியாது, தோப்பாகவே தெரியும். அதன் அடிமரம் எங்கே என்று தேடினோம். அடிமரமே இல்லை என்றார் எங்களை அழைத்துச் சென்ற பேராசிரியர். புயல்களில் காயம்பட்டுப் பூசண நோய் கண்ட அடிமரத்தை 1925-இல் வெட்டி அகற்றிவிட்டார்களாம். விழுதுகள் தாங்கியே மரம் வாழ்கிறது. அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன்.

மறுநாள் அரைநாள் ஓய்வு. பலர் கடைத்தெருவுக்குப் போனார்கள். நாங்கள் ஐந்து பேர் மட்டும் பேராசிரியருடன் மெட்ரோ ரயிலில் கிரீஷ் பார்க் நிலையத்தில் இறங்கி, நெரிசல் மிக்க சித்பூர் வீதி வழியே நடந்தோம். அவ்வீதிக்கு இப்போது ரவீந்திர சரணி என்று பெயர். இருபுறமும் பழைய வீடுகள். அவற்றின் சுவர் வெடிப்புகளில் அரசங்கன்றுகள். குறுகிய சந்து ஒன்று திரும்பியதும் சிவப்பு நிறச் சுவரும் பச்சை நிறச் சாளரங்களும் கொண்ட பெரிய வீடு எதிரே நின்றது. எண் 6, துவாரகநாத் தாகூர் சந்து.

ஜோராசாங்கோ என்றால் வங்க மொழியில் இரட்டைப் பாலம் என்று பொருள். பாலம் எதையும் இப்போது காணோம். நீலமணி தாகூர் என்பவர் உடன்பிறந்தாரோடு சொத்துத் தகராறு முற்றி, குலதெய்வத்தை எடுத்துக்கொண்டு பாதூரியாகட்டா வீட்டை விட்டு வெளியேறினார் என்றும், வைஷ்ணவசரண் சேட் என்னும் வணிகர் கொடுத்த மனையில் 1784-இல் இவ்வீட்டை அமைத்தார் என்றும் அக்குடும்ப வரலாறு கூறுகிறது. பங்காளிச் சண்டையில் பிறந்த வீடு. எங்கள் ஊர்ப் பக்கம் இதைச் சொன்னால் யாரும் வியக்கமாட்டார்கள்.

நீலமணியின் பேரர் துவாரகநாத் 1794-இல் பிறந்தவர். வெள்ளையருக்குச் சமமாக வணிகம் செய்து காட்டியவர். 1834-இல் கார் தாகூர் கம்பெனியைத் தொடங்கினார். அவுரி, பட்டு, சர்க்கரை, ராணிகஞ்ச் நிலக்கரி, நீராவிக் கப்பல் என்று அவர் தொடாத தொழிலில்லை. அபினி வணிகத்திலும் அவருக்குப் பங்கு உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. ஐரோப்பியருக்கு விருந்தளிக்கவென்றே பழைய வீட்டை ஒட்டி 1823-இல் இன்னொரு மாளிகை எழுப்பினார். அங்கே மதுவும் மாமிசமும் புழங்குவதைக் கண்ட அவர் மனைவி திகம்பரி தேவி, பண்டிதர்களைக் கலந்துகொண்டு, கணவருக்குச் செய்ய வேண்டிய கடமைகளைச் செய்வது, அவரோடு பேச நேர்ந்தால் உடனே நீராடிவிடுவது என்று ஒரு முடிவுக்கு வந்தார். அதோடு துவாரகநாத்தின் இருப்பிடம் புது மாளிகையாயிற்று. அவர் 1846-இல் இலண்டனில் காலமானார். 1848-இல் கம்பெனி முறிந்தது. மூத்த மகன் தேவேந்திரநாத் சொத்துகளை விற்றும் சிக்கனமாக வாழ்ந்தும் தந்தையின் கடன்களை ஆண்டுக்கணக்கில் அடைத்துத் தீர்த்தார்.

தேவேந்திரநாத் பிரம்ம சமாஜத்தின் தலைவர். உருவ வழிபாட்டை விட்டவர். ஆகவே வீட்டுத் தெய்வம், அவருடைய தம்பி கிரீந்திரநாத்தின் குடும்பத்தாரோடு புது மாளிகைக்குப் போயிற்று. பழைய வீடு எண் 6. புது மாளிகை எண் 5. இந்த இரண்டு எண்களையும் நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

எண் 6-இல், தேவேந்திரநாத்துக்கும் சாரதா தேவிக்கும் பதினான்காவது குழந்தையாக 1861 மே 7-இல் இரவீந்திரநாதர் பிறந்தார். அத்தனை பேர் நிறைந்த வீட்டில் கடைக்குட்டியைக் கொஞ்ச யாருக்கு நேரம்? தந்தை பெரும்பாலும் வெளியூர்ப் பயணத்தில்; தாய் உள்கட்டில். சிறுவன் வேலைக்காரர்கள் கையில் வளர்ந்தான். சியாம் என்ற வேலையாள் அவனை ஓரிடத்தில் உட்காரவைத்துச் சுற்றிலும் சுண்ணக்கட்டியால் வட்டம் போட்டு, தாண்டினால் ஆபத்து என்று எச்சரித்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவானாம். கோட்டைத் தாண்டிய சீதைக்கு என்ன நேர்ந்தது என்று இராமாயணத்தில் கேட்டிருந்த பிள்ளை, அசையாமல் உட்கார்ந்திருப்பான். வட்டத்துக்கு அருகே ஒரு சாளரம். அதன் கீழே படித்துறையோடு ஒரு குளம். குளக்கரையில் ஓர் ஆலமரம். காலை முதல் நண்பகல் வரை குளிக்க வருகிறவர்கள் ஒவ்வொருவரும் எப்படி முழுகுகிறார்கள், எப்படி ஈரம் பிழிகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருப்பான். அவர்கள் போனபின் ஆலமர நிழலையும் விழுதுகளையும் பார்த்துக்கொண்டிருப்பான். பின்னாளில் அவர் தம் நினைவுகளை எழுதிய காலத்திலேயே அந்த மரம் இல்லாமற் போயிருந்தது. மரம் போன இடத்தில் எது வந்தாலும் எனக்கு வருத்தமே, துறை அப்படி.

அவர் படித்த பள்ளிகளின் பெயர்களைக் காட்டிலும் அந்த வீட்டில் நடந்த பாடங்கள் சுவையானவை. விடியற்காலையில் மல்யுத்தப் பயிற்சி. அது முடிந்து மண்ணைத் தட்டிவிட்டு வந்தால் மருத்துவக் கல்லூரி மாணவர் ஒருவர் எலும்பின் பெயர்களைச் சொல்லித் தருவார். அதற்கென்று முழு எலும்புக்கூடு ஒன்றைக் கம்பியில் கோத்து அறையில் தொங்கவிட்டிருந்தார்கள். பிறகு கணக்கு, வரலாறு, ஓவியம், உடற்பயிற்சி. மாலையில் விளக்கு வெளிச்சத்தில் ஆங்கிலம். அப்போது வரும் தூக்கத்துக்கு அளவே கிடையாதாம். ஞாயிறுதோறும் அறிவியல் ஆசிரியர் வருவார். கண்ணாடிக் கலத்தில் நீரோடு மரத்தூளைப் போட்டுச் சூடேற்றி, அடியிலுள்ள நீர் சூடாகி மேலே போவதையும் மேலிருக்கும் குளிர்ந்த நீர் கீழே வருவதையும் அத்தூளின் ஓட்டத்தைக் கொண்டு காட்டினார். அந்த வியப்பை அறுபது ஆண்டுகளுக்குப் பின்னும் கவிஞர் மறக்கவில்லை. 1937-இல் வங்க மொழியில் அறிவியல் நூல் ஒன்றை எழுதி, இயற்பியலறிஞர் சத்தியேந்திரநாத் போஸுக்கு உரிமையாக்கினார். முதலாண்டில் இதே சோதனையைத்தான் நாங்களும் செய்தோம். எங்களுக்கு மதிப்பெண் கிடைத்தது. வியப்பு கிடைத்ததா என்று சொல்ல முடியவில்லை.

ஓரியண்டல் செமினரி, நார்மல் பள்ளி, பெங்கால் அகாதமி, புனித சேவியர் என்று பள்ளிகள் மாறின. எதிலும் அவர் ஒட்டவில்லை. 1878-இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் சேர்ந்து, 1880-இல் பட்டமில்லாமலே திரும்பினார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தாகூர் பள்ளிக்கூடத்தை விட்டவர்தானே என்று பேச்சுப் போட்டிகளில் கைதட்டல் வாங்குகிறார்கள். நானும் கைதட்டியிருக்கிறேன். அந்த வீட்டைப் பார்த்தபின் கைதட்ட வரவில்லை. அவருக்கு வீடே பள்ளி. அண்ணன்மார் தத்துவம் எழுதினார்கள், இசையமைத்தார்கள், நாடகம் போட்டார்கள். ஆசிரியர்கள் வாசலுக்கு வந்தார்கள். எலும்புக்கூட்டைத் தொங்கவிட ஓர் அறையை ஒதுக்குகிற வீட்டில் பிறந்தவர் பள்ளியை விடலாம். நான் கல்லூரியை விட்டால் எனக்கு மிஞ்சுவது சித்தாள் வேலை. அதைக் கேவலமென்று சொல்லவில்லை. என் அம்மா இன்றும் செய்கிறார். இரண்டும் ஒன்றல்ல என்றுதான் சொல்கிறேன்.

அவ்வீட்டின் உள்கட்டில் நான் அதிக நேரம் நின்றேன். நம் ஊர்ப் பெரிய வீடுகளில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று இருப்பதைப் போல, அங்கே ஆண்கள் புழங்கும் வெளிக்கட்டும் பெண்கள் வாழும் உள்கட்டும் தனித்தனி. பெண்களுக்குக் கங்கையில் முழுக வேண்டுமென்றால் மூடிய பல்லக்கிலேயே தூக்கிக்கொண்டு போய்ப் பல்லக்கோடு நீரில் அமிழ்த்தி எடுப்பார்களாம். படித்தபோது நம்ப முடியவில்லை. இரவீந்திரரின் அண்ணன் சத்தியேந்திரநாத், ஐ.சி.எஸ். தேர்வில் வென்ற முதல் இந்தியர். அவர் 1864-இல் தம் மனைவி ஞானதானந்தினியைப் பம்பாய்க்கு அழைத்துச் செல்ல முயன்றபோது, வீட்டுப் பெண் வாசலில் நடந்து வண்டியேறலாகாது என்று, கப்பல் வரையில் பல்லக்கிலேயே அனுப்பினார்கள். அதே ஞானதானந்தினிதான் பின்னர் பார்சிப் பெண்களைப் பார்த்து, வெளியே செல்வதற்கேற்பப் புடவையைக் கட்டும் புதிய முறையை வங்கத்துக்குக் கொண்டுவந்தார். மறுபுறம், அக்கா சுவர்ணகுமாரி தேவி நாவல்கள் எழுதினார்; பாரதி என்ற இதழை நடத்தினார். 1881-இல் இதே வீட்டில் இரவீந்திரர் தாமெழுதிய வால்மீகி பிரதிபா என்னும் இசைநாடகத்தை அரங்கேற்றி, தாமே வால்மீகியாக நடித்தார். அழைக்கப்பட்ட பெரியோர் முன்னிலையில் அண்ணன் மகள் பிரதிபாவும் மேடையேறினாள். பல்லக்கிலிருந்து மேடைக்கு வர அந்த வீட்டுக்குப் பதினேழு ஆண்டுகள் ஆயின.

மாடித் தளத்தில் அண்ணன் ஜோதிரிந்திரநாத்தும் அண்ணி காதம்பரியும் தொட்டிச் செடிகளால் ஒரு தோட்டம் போட்டிருந்தார்கள். தாயை 1875-இல் இழந்த சிறுவனுக்கு அந்த அண்ணிதான் தாயும் தோழியும், அவன் கவிதைகளின் முதல் வாசகியும். 1883 டிசம்பரில் இரவீந்திரருக்கும் மிருணாளினிக்கும் அவ்வீட்டிலேயே திருமணம் நடந்தது. நான்கே மாதங்களில், 1884 ஏப்ரலில், காதம்பரி தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அந்தத் துயரம் அவர் எழுத்தில் கடைசி வரை வந்துகொண்டிருந்தது. காரணம் இது, அது என்று நூல்கள் எழுதுகின்றன. அதற்குள் நான் போகவில்லை.

பிறகு அவர் வாழ்வின் பெரும்பகுதி வீட்டுக்கு வெளியே. 1890 முதல் குடும்ப நிலங்களைக் கவனிக்கப் பத்மா நதிப் பக்கம் போனார். ஷிலைதஹாவில் படகில் வாழ்ந்து கதைகள் எழுதினார். 1901-இல் சாந்திநிகேதனில் ஐந்து மாணவர்களோடு பள்ளி தொடங்கினார். அதற்குத் தம் நகைகளைக் கொடுத்த மிருணாளினி நோயுற்று, இந்த ஜோராசாங்கோ வீட்டிலேயே 1902 நவம்பரில் மறைந்தார். 1905 ஜனவரியில் தந்தையும் இங்கேயே மறைந்தார். அதே ஆண்டு அக்டோபர் 16-இல் வங்கப் பிரிவினை நடைமுறைக்கு வந்தது. அன்று கவிஞர் இவ்வீட்டிலிருந்து நடந்து கங்கைக்குச் சென்று நீராடி, எதிர்ப்பட்டவர் கையிலெல்லாம் இராக்கி கட்டினார். வழியில் குதிரை தேய்த்துக்கொண்டிருந்தவர்களுக்கும் கட்டினார். சித்பூர்ப் பள்ளிவாசலுக்குள் சென்று அங்கிருந்தவர்களுக்கும் கட்டினார். நாங்கள் நடந்து வந்த அதே வீதி.

1913-இல் நோபல் பரிசு. பட்டமில்லாதவருக்குக் கல்கத்தா பல்கலைக்கழகம் அதே ஆண்டு டிசம்பரில் டாக்டர் பட்டம் அளித்தது. 1917 டிசம்பரில் கல்கத்தாவில் காங்கிரஸ் கூடியபோது, இவ்வளாகத்தின் விசித்ரா கூடத்தில் அஞ்சலகம் நாடகம் நடந்தது. காந்தியடிகளும் திலகரும் அன்னி பெசன்ட் அம்மையாரும் பார்த்தார்கள். மேடையமைப்பு எண் 5 மாளிகையில் வாழ்ந்த ககனேந்திரநாத்துடையது. அவரும் தம்பி அவனீந்திரநாத்தும் அந்த மாளிகையின் தெற்குத் தாழ்வாரத்தில் உட்கார்ந்து வரைந்த படங்களே வங்க ஓவிய மரபாக வளர்ந்தன. எண் 6-இல் கவிதை, எண் 5-இல் ஓவியம் என்று சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். ஜாலியன்வாலாபாக் படுகொலைக்குப் பின் 1919 மே இறுதியில், சர் பட்டத்தைத் துறந்து வைஸ்ராய்க்கு அவர் எழுதிய கடிதத்தின் தலைப்பில் இருக்கும் முகவரியும் இதே சந்துதான்.

1941 ஜூலை 25-இல் எண்பது வயதுக் கவிஞரைச் சாந்திநிகேதனிலிருந்து சிகிச்சைக்காக இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மருத்துவமனைக்குக் கொண்டுபோகவில்லை, மாடித் தாழ்வாரத்தையே அறுவை அரங்காக மாற்றினார்கள். ஜூலை 30-ஆம் நாள் காலையில் தம் கடைசிக் கவிதையைச் சொல்லி எழுதச் செய்தார். அன்றே அறுவை நடந்தது. உடல் தேறவில்லை. ஆகஸ்டு 7 நண்பகலில், பிறந்த வீட்டிலேயே உயிர் பிரிந்தது. முந்தைய ஆண்டு இதே ஆகஸ்டு 7-இல்தான் ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் சாந்திநிகேதனுக்கே வந்து அவருக்கு டாக்டர் பட்டம் வழங்கியிருந்தது. இறுதி ஊர்வலத்துக்குத் திரண்ட கூட்டத்தில் சிலர் நினைவுப்பொருளாக அவருடைய தாடி முடியையும் பறித்தார்களாம். அன்பிலும் இப்படி ஒரு வகை உண்டு போலும். தாழ்வாரத்தின் அந்த இடத்தில் நாங்கள் நின்றபோது எங்களில் யாரும் பேசவில்லை.

பேராசிரியரிடம் நான் எண் 5 எங்கே என்று கேட்டேன். இல்லை என்றார்.

ககனேந்திரநாத் 1938-இல் மறைந்தார். பங்குகள் பெருகின, கடன் பெருகிற்று. 1941-இல் அவனீந்திரநாத் அந்த மாளிகையை விட்டு வெளியேறினார். மாளிகை விலைபோயிற்று, 1940களில் இடித்துவிட்டார்கள். துவாரகநாத் விருந்து வைத்த கூடமும், அந்தத் தெற்குத் தாழ்வாரமும் போய்விட்டன. வெளியாள் எவரும் படையெடுத்து வந்து இடிக்கவில்லை. யாரோ ஒரு கொத்தனாருக்குச் சொல்லி அனுப்பியிருப்பார்கள். அவரும் தேக்கு உத்திரத்தைச் சேதமில்லாமல் இறக்கியிருப்பார். அவருக்கும் வீட்டில் பிள்ளைகள் இருந்திருக்கும்.

எண் 6-க்கும் அதே கதி வந்திருக்கலாம். நினைவுச் சங்கம் அமைத்து நிதி திரட்டிய அன்பர்களின் முயற்சியும், பின்னர் மாநில அரசின் முயற்சியும் அதைக் காத்தன. 1961-இல் கவிஞரின் நூற்றாண்டு வந்தது. சட்டமன்றத்தில் சட்டம் நிறைவேறி, 1962 மே 8-இல் ரவீந்திர பாரதி பல்கலைக்கழகம் இவ்வீட்டில் தொடங்கியது. அப்போது முதலமைச்சர் டாக்டர் பிதான் சந்திர ராய். 1941-இல் இதே வீட்டில் கவிஞருக்குச் சிகிச்சை செய்த மருத்துவர்களில் ஒருவர். நோயாளியைக் காக்க முடியாத இடத்தில் வீட்டைக் காத்தார் என்று நான் நினைத்துக்கொண்டேன். தாகூரே சாந்திநிகேதனில் 1921-இல் நிறுவிய விசுவபாரதி வேறு, இது வேறு; நம்மில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம். இங்கே இசை, நடனம், நாடகம், ஓவியம் முதலியவற்றைச் சிறப்பாகக் கற்பிக்கத் தொடங்கினார்கள். பின்னர் இடம் போதாமல், பாரக்பூர் நெடுஞ்சாலையிலுள்ள மரகத குஞ்சம் என்ற மாளிகைக்குப் பல துறைகள் போயின. அதுவும் தாகூர் மரபில் வந்த இன்னொரு கிளையாரின் தோட்ட மாளிகையே.

பட்டம் வாங்காதவரின் வீட்டில் பட்டம் கொடுக்கிறார்கள் என்று எங்களில் ஒருத்தி சொல்ல, எல்லோரும் சிரித்தோம். ஆனால் ஒரு பழைய வீட்டைப் பல்கலைக்கழகத்திடம் கொடுப்பது எளிய காரியமில்லை. அருங்காட்சியகமாகப் பூட்டி வைத்தால் வௌவால் சேரும். நூற்றுக்கணக்கானோர் ஏறி இறங்கினால் படி தேயும், மின்கம்பி இழுக்கச் சுவரைக் குடைவார்கள், அலுவலகத்துக்குத் தட்டி அடிப்பார்கள். 2022-இல் பாரம்பரியச் சின்னமான அவ்வளாகத்தில் அனுமதியின்றிக் கட்டுமானம் நடக்கிறதென்று வழக்குத் தொடுக்கப்பட்டு, மேற்கொண்டு கட்டக்கூடாதென்று கொல்கத்தா உயர் நீதிமன்றம் தடுக்க வேண்டியிருந்தது. கவிஞரின் வீட்டுக்கும் காவல் வேண்டியிருக்கிறது.

கட்டடத்தின் எதிரிகளில் ஒன்றைப் பற்றி நான் கொஞ்சம் உரிமையோடு பேசலாம். சித்பூர் வீதியில் பார்த்த அரசங்கன்றுகள் அழகுக்கு முளைத்தவையல்ல. அத்திக் குடும்பத்து மரங்களின் பழத்தைத் தின்ற பறவை, விதையை எச்சத்தோடு சுவர் இடுக்கில் விட்டுச் செல்கிறது. மண் வேண்டியதில்லை, சுண்ணாம்புக் காரையில் தேங்கும் ஈரமே போதும். வேர் அந்த ஈரத்தைத் தேடி உள்ளே போகும். பருக்கப் பருக்கச் செங்கல்லைப் பிளக்கும். மேலே கிள்ளிப் போட்டால் பயனில்லை, மறுபடி துளிர்க்கும். வேர் போன வழியில் செங்கல்லைப் பெயர்த்து, வேரை முழுதும் எடுத்து, திரும்பக் கட்ட வேண்டும். கட்டும்போது சிமெண்டைப் பூசினால் வேறொரு கேடு. வங்கத்துப் பழைய வீடுகள் சுண்ணாம்பும் செங்கற்பொடியும் சேர்ந்த சுர்க்கிக் கலவையால் கட்டியவை. நம் முல்லைப் பெரியாறு அணையில் சேர்த்த அதே சுர்க்கி. அந்தச் சுவர் மழைக்காலத்தில் ஈரம் குடித்து வெயிலில் ஈரம் விடும். மேலே சிமெண்டைப் பூசிவிட்டால் ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே நின்று, உப்புப் பூத்து, செங்கல் பொரிந்து உதிரும். பூச்சு கெட்டியாக இருக்கும். உள்ளே சுவர் மாவாகிவிடும். சிப்பூர் ஆலமரத்தின் இனத்தாரே இந்த வீடுகளை இடிக்கவும் செய்கிறார்கள் என்பதில் என் அனுதாபம் எந்தப் பக்கம் என்று எனக்கே தெரியவில்லை.

ஊர் திரும்பியதும், முற்றத்தில் நின்று கைப்பேசியில் எடுத்த படங்களை அப்பாவிடம் காட்டினேன். தாகூர் யார் என்று அவருக்குத் தெரியும். பள்ளியில் கொடியேற்றும்போது பாடுவோமே, அந்தப் பாட்டை எழுதியவர் என்று சொன்னதும் தலையசைத்தார். கவிஞரின் சிலையை வேகமாகத் தள்ளினார். வளைவுகளையும் கார்னீஸையும் மட்டும் இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். ஓரிடத்தில் விரலை வைத்து, ஆத்தா, இது சிமெண்டுடா, பிந்தி வச்சது என்றார். எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. மற்ற இடமெல்லாம் நல்ல கை என்றார்.

பக்கத்து மாளிகையை இடித்ததைச் சொன்னேன். ஏன் இடித்தார்கள் என்று கேட்கவில்லை. எத்தனை கட்டு வீடு என்று கேட்டார். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. மறுவாரம் ஒரு பழைய வீட்டைப் பிரிக்க முன்பணம் வாங்கியிருந்தார். எனக்கு மூன்றாம் பருவத் தேர்வுக் கட்டணம் வேண்டியிருந்தது. அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

இரவு சாப்பிட்டு எழுந்தபின், அந்தப் பல்கலைக்கழகத்தில் சுண்ணாம்பு வேலை தெரிந்த ஆளை எடுப்பார்களா, கேட்டுச் சொல்ல முடியுமா என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். விளையாட்டில்லை. நான் துணைவேந்தர் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி அனுப்பியிருக்கிறேன்.